சொந்த வீடா, வாடகை வீடா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா மகன், ராஜபாளையத்து நூற்பாலைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறான். போன வருஷம் போன் செய்தான். "மாமா, ரேக் சர்வர் நானே பாகம் வாங்கிக் கோர்க்கட்டுமா, மாச வாடகைக்கு எடுக்கட்டுமா? அவ நகையை அடகு வச்சுப் பணம் ரெடி."

ரேக் என்பது 19 அங்குல அலமாரி. ஒரு தட்டு, அதாவது ஒரு 'யு', 1.75 அங்குல உயரம். சர்வர் 400 வாட் இழுத்தால் மாதம் 288 யூனிட். ஏசி, யுபிஎஸ் தனி.

வாடகையும் சும்மா இல்லை. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் கம்பெனி, வாடகை கட்டி மாளாமல் 2022-ல் மேகத்தை விட்டு இறங்குவதாக அறிவித்து, பிறகு சொந்த சர்வர்கள் வாங்கியது. (வாங்கி வைத்தது வேறொருவர் டேட்டா சென்டரில்!) அவர்களிடம் சர்வர் பார்க்கவே ஆட்கள் உண்டு.

"ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் போச்சுன்னா?"

"பைக்ல ராஜபாளையம் போயிடுவேன்."

"மாத்து டிஸ்க்?"

"மதுரைல வாங்கணும்..."

"கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?"

பதில் இல்லை. மில்லில் மூணு ஷிப்ட்.

ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தான். நகையை மீட்ட சந்தோஷத்தில் அவன் மனைவி ஒரு கிலோ பால்கோவா அனுப்பியிருக்கிறாள். எனக்கு சர்க்கரை.