கடலை அளந்து பார்க்கும் வகுப்பறை

மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனா ஒன்று. அதன் அடிப்பக்கத்தை மெழுகால் அடைத்து, உள்ளே கொஞ்சம் கடற்கரை மணலைக் கொட்டி, வெளியே சென்டிமீட்டர் கோடு போட்ட காகிதத்தை செலோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். மேசைமேல் கழுத்து வெட்டிய மூன்று தண்ணீர் பாட்டில்கள். ஒன்றில் வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், அடுத்ததில் கடல் தண்ணீர். மூன்றாவதில் இருந்தது உப்பளப் பாத்தித் தண்ணீர். ஒரு மாணவியின் அம்மா வேலை முடிந்து வரும்போது எடுத்து வந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் போகும் வழியில் கடலோரமாக இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு அது. பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார்.

ஆற்றுத் தண்ணீரில் பேனா 10 சென்டிமீட்டர் கோடு வரை மூழ்கி நின்றது. கடல் தண்ணீரில் போட்டபோது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலாக மேலே எழும்பியது. அவ்வளவுதான் வித்தியாசம். உடனே சண்டை ஆரம்பமானது. “பாட்டில் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கி டீச்சர், அதான் தப்பாக் காட்டுது” என்றாள் ஒரு பெண். “இல்ல, நெசமாவே கூடுது” என்றான் ஒரு பையன். ஆசிரியை யார் பக்கமும் பேசவில்லை. “திரும்பப் போட்டுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். பல முறை போட்டு, ஒவ்வொரு அளவையும் கரும்பலகையில் எழுதி, சராசரி எடுத்தார்கள். சராசரி என்ற பாடத்துக்கு அன்று தனியாக வகுப்பு நடக்கவில்லை. தேவைப்பட்ட இடத்தில் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது பாட்டிலில் பேனா ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேலே துள்ளி எழுந்தபோது வகுப்பே கத்தியது. தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. “25 டிகிரி வந்தாத்தான் உப்பு விழும்னு எங்கம்மா சொல்வாங்க” என்றாள். திரவத்தின் அடர்த்தியை அளக்கப் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோலைத்தான் அந்தத் தாய் சொல்கிறார். கடல் தண்ணீர் அந்தக் கணக்கில் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். வெயிலில் வற்றி வற்றி 25-ஐ நெருங்கும்போது உப்பு பூக்கும். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது இந்தக் கரையில்தான். விடியுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற ஒரு பெண்ணுக்குத் தெரிந்த எண், அவள் மகளின் அறிவியல் பாடத்தில் விடையாக வந்து நின்றதை நான் பார்த்தேன்.

பாடத்துக்கான துணைக்கருவி செய்வதை ஒரு கைத்தொழிலாக நினைத்துத்தான் பார்க்கப் போயிருந்தேன். படகு கட்டுகிறவருக்கு உளியும் வாச்சியும் போல, இந்த ஆசிரியைக்கு ஓர் இரும்பு அலமாரி. கிழிந்த நைலான் வலைத் துண்டுகள், மிதவைகள், முடிச்சுப் போட்ட கயிறு, சிப்பி ஓடுகள், சாக்பீஸ் பெட்டியில் செய்த தராசு, கைபட்டுக் கைபட்டு ஓரம் நைந்துபோன அட்டைகள் அதில் இருந்தன. பவளத் துண்டு ஒன்றுகூட இல்லை. கடற்கரையில் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். பவளமும் கடல் அட்டையும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. அது ஏன் என்பதையும் அதே வகுப்பில் பேசுகிறார்கள்.

பல பள்ளிகளில் அலமாரியைத் திறந்தால் பளபளப்பான மாதிரிகள் இருக்கும், அதிகாரி வரும் நாளில் வெளியே வரும், பிறகு உள்ளே போய்விடும். நைந்த அட்டைகளைப் பார்த்ததும் இங்கே பாடம் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வலைத் துண்டை வைத்து எட்டாம் வகுப்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலையின் ஒரு கண்ணை நான்கு விரலால் பிடித்து விரித்தால் சதுரம். இரண்டு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் சாய்சதுரம். இன்னும் இழுத்தால் ஏறக்குறைய ஒரு கோடு. நூலின் நீளம் மாறவில்லை, ஆகவே சுற்றளவு அதேதான். உள்ளே இருந்த பரப்பளவு எங்கே போயிற்று? வரைபடத் தாளில் கண்ணை வைத்துக் கட்டங்களை எண்ணினார்கள். சதுரமாக இருக்கும்போதுதான் பரப்பு அதிகம் என்று கண்டுபிடித்த பிறகு ஒரு பையன் கேட்டான்: “அப்போ வலையை இழுத்துட்டுப் போகையில கண்ணு மூடிக்கும்லா டீச்சர்? குஞ்சு மீனு எப்படித் தப்பிக்கும்?” இழுவலையின் மடியில் சாய்சதுரக் கண்ணுக்குப் பதிலாகச் சதுரக் கண் வைக்க வேண்டும் என்று மீன்வள ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான். இழுக்கும்போதும் சதுரக் கண் திறந்தே நிற்கும். அந்தப் பையன் வடிவியலில் தொடங்கிக் கடலின் நாளைய மீன்வளம் வரைக்கும் தானே நடந்து போய்விட்டான்.

கையால் செய்து கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இதே மாவட்டத்தின் நாசரேத்தில் 1878-லேயே கைத்தொழிற் பள்ளி தொடங்கப்பட்டது. நம் காலத்தில், 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து வந்தது. 2007-08-இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் பாடங்களின் ஏணிப்படி ஏறலாம், தரையை ஒட்டிய கரும்பலகையில் தானே எழுதலாம் என்பது பெரிய விடுதலை. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் ஆடலையும் பாடலையும் கதையையும் கொண்டுவந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளை எடுத்துச் செல்கிறது.

இவை எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சடித்து வரும் அட்டை நீலகிரிக்கும் தூத்துக்குடிக்கும் ஒன்றுதான். பெட்டியில் வருவதைப் பிரித்துக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் ஆசிரியர் விநியோகிப்பவராகவே இருந்துவிடுவார். தன் ஊரில் என்ன கிடைக்கிறது, அதற்குள் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்து, வெட்டி ஒட்டித் தயாரிக்கும்போதுதான் அவர் கை தேர்ந்தவராகிறார். பிள்ளையின் கைக்கு வேலை வேண்டும் என்கிறோம். அதற்கு முன்னால் ஆசிரியரின் கைக்கு வேலை வேண்டும்.

ஊர்த் தொழிலின் பொருள்களை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கு இந்தக் கரையில் ஓர் எதிர்ப்பும் உண்டு, அதை லேசாக ஒதுக்கக் கூடாது. வலையும் கயிறும் வகுப்புக்குள் வந்த புதிதில் ஒரு தகப்பனார் பள்ளிக்கே வந்து கேட்டாராம்: “நான் படுற பாடு போதாதா டீச்சரம்மா? அவன் கையிலயும் வலையைக் குடுக்கவா இங்க அனுப்புனேன்?” 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று சொன்னபோது, அதைக் குலக்கல்வி என்று சொல்லித்தான் தமிழ்நாடு எதிர்த்து நின்றது. அடுத்த ஆண்டே காமராஜர் முதல்வராகி அதைக் கைவிட்டார். அந்த நினைவு இந்த மண்ணில் சாகவில்லை, சாகவும் கூடாது.

ஆசிரியை அந்தத் தகப்பனாரைப் பின் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் அன்று யாரும் வலை முடையவில்லை. அளந்தார்கள், எழுதினார்கள், வாதாடினார்கள். பரதவர் வீட்டுப் பையனும் உப்பளத் தொழிலாளி மகளும் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவரின் மகனும் ஒரே வலைத் துண்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டுவது வேறு, தொழிலுக்குள் இருக்கும் அறிவைப் பிள்ளையின் கேள்விக்கு உட்படுத்துவது வேறு. முன்னது கதவை அடைக்கும். பின்னதை ஒரு மருத்துவரின் மகனுக்கும் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும்.

நான் போயிருந்த நாளின் பிற்பகலில் சங்கு குளித்த ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-இல். இவர் அப்போது சின்னப் பையன், அப்பாதான் குளித்தவர். 1973-இல் இதே கரையின் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானி அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். அதை ஆசிரியை சொல்ல, பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார். “இது ஒரு பாகம். ஆறடி.” பிள்ளைகள் அவரவர் பாகத்தை அளந்தார்கள். ஏறக்குறைய அவரவர் உயரமே அவரவர் பாகமாக இருந்தது. அப்படியானால் என் பாகமும் தாத்தா பாகமும் ஒன்றாகாதே, கடலின் ஆழத்தை யார் பாகத்தில் சொல்வது என்று கேள்வி வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு எதற்கு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

“பத்துப் பாகத்துல அப்பா இறங்கியிருக்காவ” என்றார் பெரியவர். கயிற்றில் பத்துப் பாகத்தை அளந்து மைதானத்தில் நீட்டினார்கள். கொடிக்கம்பத்தில் தொடங்கிய கயிறு சுவர் பக்கம் போய் நின்றது, 60 அடி. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, திரும்பி வர முயன்றார்கள். பாதியில் மூச்சு விட்டவர்களே அதிகம். “மூச்சடக்கிக்கிட்டு கீழ போயி, சிப்பியையும் பொறுக்கிட்டு வரணும் மக்கா” என்றார் அவர். ஒரு பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

இத்தனையும் தயாரிக்க நேரம் எப்போது என்று கேட்டேன். வீட்டில், இரவில் என்றார் ஆசிரியை. பள்ளி நேரத்தில் பதிவேடுகளும் இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களும் பாதி நாளைத் தின்றுவிடுகின்றன. மெழுகும் அட்டையும் டேப்பும் அவர் சம்பளத்தில் வாங்கியவை. படகு கட்டுகிறவரிடம் மரமும் நேரமும் தராமல் படகு கேட்க மாட்டோம். ஆசிரியரிடம் மட்டும் அப்படிக் கேட்பது நியாயமில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். கட்டடம், கழிப்பறையோடு இதையும் கேளுங்கள்: துணைக்கருவி செய்ய எங்கள் ஆசிரியர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் பள்ளி நேரத்திலேயே வேண்டும், அதற்குச் சிறு தொகையும் வேண்டும். போகும்போது வீட்டில் கிடக்கும் கிழிந்த வலையில் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.