இறுக்குற பக்கம் திருப்பு

சித்தூரில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை. மரப்பெஞ்சின் மேல் பழைய புல்லட் இன்ஜின். வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சி.சி. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் அதிகம் மாற்றாமல் செய்துவந்த இன்ஜின் இது. உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. ஓட்டம் நீளமாக இருப்பதால் மெதுவாகப் போகும்போதும் இழுவை குறையாது. 1944இல் திறந்த திருமலை மலைப்பாதையில் தன் அப்பா இதில் ஏறிப் போனதை வண்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேஸ்திரி இன்னும் ஸ்பானரைத் தொடவில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டின் இடுக்கிலும் பிசுக்கை எடுக்கிறார். அழுக்கு இருந்தால் ஸ்பானர் முழுசாக உட்காராது. அரைகுறையாகப் பிடித்துத் திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும். வேகமாக வேலை முடிக்கிற இடங்களில் முதலில் கைவிடப்படுவது இந்த அரை மணி நேரம்தான்.

ஹெட் நட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. அலுமினிய ஹெட், ஒரு பக்கத்தை மட்டும் விட்டால் கோணிக்கொள்ளும். ராக்கர் பேரிங்குகள் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று ஜோடி. அவற்றை இன்லெட் தனி, எக்ஸாஸ்ட் தனியாகத் தெலுங்கு நாளிதழில் மடித்து, மேலே பேனாவால் எழுதுகிறார். இத்தனை வருஷம் ஒன்றோடொன்று உரசிப் பழகியவற்றை மாற்றிப் பூட்டக்கூடாது. பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பை எடுக்குமுன் கிராங்க் கேஸின் வாயில் துணியை அடைக்கிறார். அந்தச் சின்னக் கம்பி உள்ளே விழுந்தால் தேடியே பொழுது போய்விடும்.

டைமிங் பக்கம், கூட வேலை பழகும் பையனின் முறை. ஆயில் பம்புகளை ஓட்டும் வெளியேயும் மரைபோட்ட நட்டில் ஸ்பானரை மாட்டி, உடம்பையே சாய்த்து அழுத்துகிறான். மேஸ்திரியின் இரண்டு விரல் அவன் மணிக்கட்டில் விழுகிறது.

“லெஃப்ட் திரெட்டுடா தம்பி. இறுக்குற பக்கமா திருப்பு, கழண்டு வரும்.”

பையன் அவரைப் பார்க்கிறான், நட்டைப் பார்க்கிறான். பிடியை மாற்றுகிறான். ‘க்ளக்’ என்று விடுகிறது. அதே பலத்தை வழக்கமான பக்கம் கொடுத்திருந்தால் ஷாஃப்டின் மரையே போயிருக்கும். யாரும் கைதட்டவில்லை. மேஸ்திரி அடுத்துப் புல்லரை எடுக்கிறார்.

கடைசியாகக் கேஸ். இணைப்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினால் ஒரு நொடியில் பிரியும். அந்தக் கீறல் வழியே ஆயுசுக்கும் ஆயில் கசியும். அவர் ப்ளோலாம்பால் நிதானமாகச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுகிறார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பேரிங்கின் பிடி தானாகத் தளரும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். ‘சொய்ங்’. மரச்சுத்தியால் இரண்டு தட்டு. கேஸ் இரண்டாகிறது.

“எத்தனை உடைஞ்சது மேஸ்திரி?”

“ஒண்ணும் உடையல சார். பிக் எண்ட் புஷ் மட்டும் தேஞ்சிருக்கு. கிராங்க் திருப்பதிக்குப் போகணும், பிரஸ் அங்கதான் இருக்கு.”

ஃப்ளைவீலில் டைமிங் பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துச் சாக்கில் சுற்றுகிறார். பையன் பஸ்ஸுக்குக் காசு கேட்கிறான்.