பாடகர் இடத்தில் ஒரு பிடில்

போன ஆண்டு மே மாதம் துலூஸில் மகன் வீட்டில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரெனே மலைப் பக்கம் காரில் போகும்போது அவன் ஏதோ இசையைப் போட்டான். தொடக்கத்துக் கிட்டார் இரைச்சலுக்கே என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறும்மா, இதுல யாரும் கத்த மாட்டாங்க" என்றான்.

உண்மைதான். பாடகர் வரவேண்டிய இடத்தில் ஒரு பிடில் வந்தது. கோர்ப்பிக்லானி என்ற ஃபின்லாந்துக் குழுவாம். காட்டுக்குலம் என்று பொருள். ஃபோக் மெட்டல் என்பது இந்த வகைக்குப் பெயர். இவர்களுடைய பெரும்பாலான உருப்படிகளில் பாட்டு உண்டு. பாட்டு இல்லாதவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து எங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்தான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது ஒரு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். கச்சேரி மேடையில் வாசிப்பவர் வியோலோனிஸ்த். கிராமத்துக் கல்யாணத்தில், ஆட்டத்துக்கு வாசிப்பவர் வியோலோனே. இரண்டாவது சொல்லில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. காரில் நான் கேட்டது சந்தேகமில்லாமல் வியோலோனேதான். மத்தளத்தை எவ்வளவு வேகமாக அடித்தாலும் அடியில் ஓடியது போல்கா நடனத்தின் இரட்டைத் தாளம். ஃபின்லாந்தில் கௌஸ்தினென் என்ற சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கேள்வி ஞானத்தாலேயே பிடில் கற்கிறார்கள். 1968 முதல் அங்கே நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. மெட்டல் பையன்களுக்குப் பிடில் எங்கிருந்தோ வந்ததல்ல, பக்கத்து வீட்டில் இருந்ததுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இந்தப் பிடில் எப்படித் தனியாகக் கேட்கிறது? மகன் ஓட்டிக்கொண்டே சொன்னான். பிடிலின் குதிரையிலேயே மின்கருவி பொருத்தி ஒலியை எடுக்கிறார்களாம். வெளியே மைக் வைத்தால் மத்தளச் சத்தமும் அதில் புகுந்துவிடும். இன்னொன்றும் சொன்னான், அதுதான் முக்கியம். கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க விடுவதால், பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் ஆதார சுரம், அதன் பஞ்சமம், மேல் ஆதாரம், இவற்றை மட்டும் மீட்டுகிறார்கள்.

"ச, ப, ச. நம்ம தம்புராப்பா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் அந்தக் கிட்டாரில் காந்தாரமே கிடையாது. அந்தர காந்தாரமா, சாதாரண காந்தாரமா, அதாவது மகிழ்ச்சியா சோகமா என்பதைப் பிடில்காரர்தான் முடிவு செய்கிறார். இது தெரிந்த பிறகு அந்த இரைச்சல் எனக்கு சுருதிப் பெட்டியாகிவிட்டது, கொஞ்சம் கோபமான சுருதிப் பெட்டி. என் மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அங்குள்ள நூலகத்தில் இது சம்பந்தமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். நார்வேயின் ஹார்டாங்கர் பிடில் பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கிடைத்தது. வில் படும் தந்திகளுக்கு அடியில் இன்னும் நான்கைந்து மெல்லிய தந்திகள். அவற்றை யாரும் தொடுவதில்லை, மேலே வாசித்தால் கீழே தாமாகவே அதிரும். 1651 என்று ஆண்டு பொறித்த பிடில் ஒன்று இன்றும் இருக்கிறது. அருவியில் வாழும் பூதத்துக்கு இறைச்சி கொடுத்தால் வாசிக்கக் கற்றுத்தரும் என்பது அவர்கள் ஊர்க் கதை. 19ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கக்காரர்கள் இதைப் பிசாசின் வாத்தியம் என்றார்கள். பல நல்ல பிடில்கள் நெருப்புக்குப் போயின. சிலர், தங்கள் பிடிலைத் தாங்களே கொளுத்தினார்கள்.

அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்தேன்.

1990-இல் மகன் பிளஸ் டூ படித்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. அவனிடம் ஒரு பழைய கிட்டார் இருந்தது, நண்பனிடம் வாங்கியது. அவன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு போய் முந்நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டேன். மாலையில் வந்து சுவரைப் பார்த்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அன்று இரவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பரீட்சையில் தேறினான், பிரான்சுக்குப் போனான். கிட்டாரைப் பற்றி இவ்வளவு இன்னும் நினைவில் வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பும் நாள், விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அதே இசை ஓடிக்கொண்டிருக்கையில் கேட்டுவிட்டேன்.

"அந்தக் கிட்டாரை வித்தது ஞாபகம் இருக்காடா?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுல நாலு கம்பிதான் ஒழுங்கா இருந்துச்சுப்பா" என்றான். பிறகு, பிடில் வருமிடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.