திரும்பி வந்த டிர்க்

மே 5, திங்கள்
மகளின் வகுப்பு மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் வரலாற்றை நாடகமாகப் போடுகிறது. வீட்டுக்கு வந்த கடிதத்தில் முக்கால்வாசி உடுப்பு விவரம்: நீளப் பாவாடை, ஏப்ரன், வெள்ளைத் தலைத்துணி, ஆண் பிள்ளைகளுக்குக் கறுப்புக் காற்சட்டை, வைக்கோல் தொப்பி. கனடாவின் கிச்சனரில் இருக்கிற எங்களுக்கு இவை புதிதல்ல. சென்ட் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் குதிரை வண்டியில் போகும் குடும்பங்களை அடிக்கடி காண்கிறோம். அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. தைத்து முடிப்பதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மே 8, வியாழன்
தைத்தபடியே கதைத்தோம். 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர் ஒரு வீட்டில் கூடி, வளர்ந்தவர்களாகிய தங்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். விவரம் தெரிந்த வயதில் விரும்பி ஏற்பதே விசுவாசம் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஃபீலிக்ஸ் மான்ஸை 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர நிர்வாகம்.

"தண்ணியாலை ஞானஸ்நானம் எடுத்ததுக்குத் தண்ணிக்குள்ளையே அமுக்கினவையோ அம்மா?" என்று கேட்டாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

மெனோனைட் என்ற பெயர் வந்தது மென்னோ சைமன்ஸிடமிருந்து. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்து, 1536இல் அதை விட்டு வந்தவர். வாளைத் தொடக்கூடாது என்பதில் அவர் வழிவந்தவர்கள் உறுதியாக நின்றார்கள்.

மே 13, செவ்வாய்
ஒத்திகைக்குப் போயிருந்தேன். டிர்க் வில்லெம்ஸ் காட்சி. 1569இல் நெதர்லாந்தின் அஸ்பெரனில், இதே விசுவாசத்துக்காக அடைக்கப்பட்டு, துணிகளை முடிந்து கயிறாக்கிச் சிறையிலிருந்து இறங்கித் தப்பியவர் டிர்க். உறைந்த நீர்ப்பரப்பைக் கடந்துவிட்டார். துரத்தி வந்த காவலன் மெல்லிய பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார்.

மேடையில் பனிக்கட்டி ஒரு நீலத் துணி. டிர்க்காக நடித்த பையன் முதலில் ஓட்டமாக வந்து கை கொடுத்தான். ஆசிரியை நிறுத்தி, "அவர் உடனே திரும்பியிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை அவன் நின்றான், முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். பிறகுதான் நடந்தான். காவலனாக நடித்தவன் உண்மையாகவே அழுதுவிட்டான். எந்தப் பாடப்புத்தகமும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்காது. வேடம் கட்டிக் கற்பதன் பயனை இன்று கண்டேன்.

மே 15, வியாழன்
கடைசிக் காட்சியில் ஒரு குறை. பென்சில்வேனியாவிலிருந்து கொனஸ்டோகா வண்டிகளில் குடும்பங்கள் வருகின்றன, 1805இல் 60,000 ஏக்கர் வாங்குகிறார்கள், எல்லோரும் பாடுகிறார்கள். அந்த நிலம் யாருடையது என்ற பேச்சே இல்லை. கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு 1784இல் ஆறு தேசப் பழங்குடி மக்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது அது. பிரித்தானியருக்குத் துணைநின்று போரிட்டுத் தங்கள் ஊரை இழந்தவர்கள் அவர்கள். துரத்தப்பட்டவர்களின் கதையைச் சொல்லும்போது, இழந்த இன்னொரு மக்களை மேடைக்கு வெளியே நிறுத்துவது நியாயமில்லை. ஆசிரியையிடம் சொன்னேன். அவர் யோசித்து, கதைசொல்லிக்கு நான்கு வரிகள் சேர்த்தார்.

மே 22, வியாழன்
நாடகம் நன்றாக நடந்தது. முடிவில் ஆசிரியை, மெனோனைட்டுகளில் பெரும்பாலோர் இன்று நம்மைப் போலவே உடுத்துகிறார்கள், வண்டியில் போகிறவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்காதீர்கள் என்றார். சொல்லவேண்டிய சொல்.

போரால் ஊரைவிட்டு வந்த எனக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். தனியார் பொறுப்பேற்று அகதிகளை அழைத்துவரக் கனடா அரசுடன் முதலில் ஒப்பந்தம் செய்தது மெனோனைட் மத்திய குழு, 1979 மார்ச்சில். கடலில் தத்தளித்த வியட்நாம் மக்கள் பலர் அந்தத் திட்டத்தால் இங்கே குடியேறினார்கள். அடுத்த வருடம் இந்த நாடகத்தைப் போடுகிற ஆசிரியர்கள் அதற்கும் ஒரு காட்சி ஒதுக்குங்கள்.