வாய்தாவுக்கு வீடியோ, சமாதானத்துக்கு ரயில்

வெளிமாநிலத்தில் காலம் தள்ளுகிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் ஒரு கேஸ் நடக்கும். வரப்புத் தகராறு, காலி செய்யாத வாடகைக்காரர், அண்ணன் தம்பி பாகம், ஏதாவது ஒன்று. நாம் அகமதாபாத்தில் இருந்தாலும் சரி, அந்தமானில் இருந்தாலும் சரி, நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேஸ் போட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. நமக்கு டிரான்ஸ்பர் ஆனால் நிலமும் கூடவே வராது பாருங்கள்!

இங்கிருந்து நவஜீவனில் ஏறினால் சென்னைக்கே ஒன்றரை நாள். அப்புறம் திருநெல்வேலிக்கு இன்னொரு ராத்திரி. ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு வாரம் லீவு. அங்கே போய் நின்றால் "ஜட்ஜய்யா இன்னைக்கு லீவு" என்பார் குமாஸ்தா. மணிநகரில் எனக்குத் தெரிந்தே ரெண்டு குடும்பங்கள் "போதும்டா சாமி" என்று பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கின்றன. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. லீவுதான் இல்லை.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். சில வருஷம் வாராக்கடன் பிரிவில் இருந்ததால் பேனல் வக்கீல்களோடு பேசிப் பேசி வந்த அறிவுதான் இது. 2020-க்கு முன்னால் எங்கள் வக்கீலைப் பிடிப்பதே பெரிய பாடு. காலையில் கடன் வசூல் தீர்ப்பாயம், மதியம் ஹைகோர்ட், நடுவில் டிராஃபிக். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தனக்குள்ள 142-வது பிரிவு அதிகாரத்தை வைத்து, நாடு முழுக்க வீடியோ மூலம் கோர்ட்டு நடத்த உத்தரவு போட்டது. அந்த அக்டோபரில் எங்கள் குஜராத் ஹைகோர்ட் யூடியூபில் நேரலையே காட்ட ஆரம்பித்துவிட்டது. நாட்டில் அப்படிச் செய்த முதல் ஹைகோர்ட் அதுதான். பனியனோடு கேமரா முன்னால் உட்கார்ந்த வக்கீல் கதையெல்லாம் அந்தச் சமயத்தில் வந்ததுதான். ராஜஸ்தானில் ஜட்ஜ் அந்தக் கேஸையே தள்ளி வைத்துவிட்டார்!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரடங்கு போன பிறகும் இது போகவில்லை. 2023 அக்டோபர் 6-ல் உச்ச நீதிமன்றம், எந்த ஹைகோர்ட்டும் வீடியோ வசதியை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் மத்திய அரசு இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. எங்கள் வக்கீல் இப்போது வாரத்தில் சில நாள் கோர்ட்டு, சில நாள் வீட்டு மேஜை. கீழ்க்கோர்ட்டுகளில் மட்டும் நிலைமை இன்னும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் கேஸ்கள் கிடப்பதோ அங்கேதான்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு கேஸ் உண்டு. அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். தாமிரபரணிக் கரையில் தாத்தா சொத்து கொஞ்சம் இருக்கிறது. மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. மாமாவிடம் பேசிப் பார்த்தோம், ஆகவில்லை. பாகப்பிரிவினை கேஸ் போட்டாள் அம்மா.

பவர் பத்திரம் எழுதி வாங்கி நானே போய்ச் சாட்சி சொல்லிவிடலாமே என்று கேட்டேன். ஊர் வக்கீல் முடியாது என்றார். கொடுத்தவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களைப் பவர் வாங்கியவர் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம். தாத்தா என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தானே தெரியும்? முழங்கால் வலியோடு அவளை ரெண்டு நாள் ரயிலில் கூட்டிப் போக வேண்டும். அதுவும் எத்தனை தடவை என்று தெரியாமல்.

அப்போது வக்கீல் சொன்ன வழிதான் வீடியோ. சாட்சியை வீடியோவில் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே, அமெரிக்க டாக்டர் ஒருவரின் சாட்சியம் பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது. 2020-ல் மாதிரி விதிகளும் வந்தன. சாட்சி இருக்கும் இடத்திலும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். வேறு மாநிலக் கோர்ட்டில் உட்கார்ந்தால் அந்த மாவட்ட நீதிபதி ஒருவரை நியமிப்பார். மனுப் போட்டோம். "பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள்" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. கோர்ட்டுக் கட்டடத்திலேயே, அதிகாரி முன்னிலையில் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அம்மா உள்ளே, நான் வெளியே பெஞ்சில். உள்ளே இருந்த குஜராத்தி அதிகாரிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. சொல்லிக் கொடுக்க அவரால் முடியாது என்பதில் எல்லோருக்கும் நிம்மதி! நடுவில் ஒரு முறை லைன் அறுந்து திரும்ப வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கிராஸ் முடிந்தது. ஆட்டோவில் வரும்போது அம்மா கேஸைப் பற்றிப் பேசவே இல்லை.

"பின்னாடி பெஞ்சில தம்பி இருந்தான்யா. வத்திப் போய்ட்டான். என்னாச்சுன்னு கேக்க வாயெடுத்தேன். ஜட்ஜய்யா, 'அம்மா, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க'ன்னுட்டாரு."

அவர் சொன்னது முறைதான். ஆனால் அம்மா நேரில் போயிருந்தால், கிராஸ் முடிந்து வெளியே வேப்பமரத்தடியிலோ டீக்கடையிலோ அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். கோர்ட்டில் உள்ளே ஒரு கேஸ் நடக்கும், வராந்தாவில் இன்னொன்று நடக்கும். எங்கள் வங்கிக் கணக்கிலேயே பாருங்கள். கடனாளியோடு ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் பேச்சு பல தடவை தீர்ப்பாயத்தின் வராந்தாவில்தான் தொடங்கியது. "சார், ஒரு நிமிஷம்" என்று அவர் வருவார். இப்போது கேஸ் தள்ளிப்போனதும் அவரும் லாக்-அவுட், நானும் லாக்-அவுட். அந்த ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை. எங்கள் வக்கீலுக்கும் இதே குறைதான். ஜூனியர்கள் வராந்தாவில் நின்று கற்றுக்கொண்டதைத் திரையில் கற்க முடிவதில்லை என்கிறார்.

இதே பிரச்சனை உச்ச நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. கணவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்று இருந்தால் கேஸை மாற்றாமல் வீடியோவில் நடத்தலாம் என்று 2017 மார்ச்சில் ஒரு தீர்ப்பு. அதே வருஷம் அக்டோபரில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை மாற்றினார்கள். சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் வீடியோ வேண்டாம், அது தோற்ற பிறகு இரு தரப்பும் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாமவரான நீதிபதி சந்திரசூட் ஒப்புக்கொள்ளவில்லை. அலைய முடியாத பெண்ணுக்கு வீடியோ உதவியாக இருக்குமே என்பது அவர் பக்கம். அம்மாவைப் பார்த்த பிறகு ரெண்டும் சரி என்றே எனக்குப் படுகிறது. வீடியோ இல்லாவிட்டால் அவள் கேஸை விட்டிருப்பாள். வீடியோ மட்டுமே இருந்தால் தம்பியை விட்டிருப்பாள். எந்த நாள் திரை, எந்த நாள் நேர் என்று முடிவு செய்வதில் கேஸ்காரருக்கும் ஒரு பங்கு வேண்டும்.

ஊரில் கேஸ் உள்ளவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள். வக்கீலிடம் சி.என்.ஆர். நம்பரைக் கேட்டு வாங்குங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும். சாட்சி சொல்லும் கட்டம் வருமுன்பே வீடியோ மனு பற்றிப் பேசுங்கள். எதிர்த்தரப்பிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். தூரத்தை நினைத்து மட்டும் பங்கை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் கேஸை இப்போது சமரசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதையும் வீடியோவில் கேட்டுப் பார்க்கலாமா என்றார் வக்கீல். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பதில் சொல்லத்தான் அந்தப் பெட்டி. பேசி முடிக்கணும்னா நேர்லதான்யா போகணும்." அடுத்த மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, ரெண்டும் கீழ் பெர்த். மாமாவுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டு இங்கத்துக் காக்ரா ரெண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள். எதிர்த்தரப்புக்குப் பலகாரமா என்று வக்கீல் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.