வில்பத்துக்கு ஓர் இரவுப் பயணம்

யாத்திரை என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது கோயிலே. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற நம் முன்னோர் குமனைக் காட்டையும் யாலைக் காட்டையும் ஊடறுத்தே சென்றனர். ஆயினும், அவர்க்குக் காடு கடக்கவேண்டிய இடமேயன்றிக் காணவேண்டிய இடமன்று. காட்டைக் காண்பதற்கென்றே ஓர் இரவு வெளியில் தங்கி மீளும் வழக்கம் நமக்குச் சற்றுப் புதியது. எங்கள் வகுப்புத் தோழர் ஐவர் கூடி அத்தகைய பயணமொன்றைத் திட்டமிட்ட வரலாற்றை இம்மலரில் எழுதுவது, இன்று கற்கும் மாணவர்க்கு அது சிறிதேனும் பயன்படும் என்னும் நம்பிக்கையினாலேயாம்.

நாங்கள் தெரிந்தெடுத்த இடம் வில்பத்து. 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற இப்பெருங்காடு ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மணற்கரை சூழ்ந்து மழைநீர் தங்கும் இயற்கைக் குளங்களை அங்கு 'வில்லு' என்பர். அச்சொல்லைக் கேட்கும்போது நமக்குக் கொக்குவிலும் இணுவிலும் நினைவுக்கு வருதல் இயல்பே.

கல்லூரியிற் கற்ற காலத்திலேயே அங்குச் செல்ல ஆசைப்பட்டோம். 1988ஆம் ஆண்டில் வனம் மூடப்பட்டது. 2003இல் திறந்து, பின்னரும் மூடப்பட்டு, 2010இலேதான் மீண்டும் திறந்தது. கண்டி வீதியும் 2002இல் திறந்து, 2006இல் அடைபட்டு, 2009இன் பின்னரே நமக்கு உரியதாயிற்று. அதற்குள் தோழர் பலர் கடல் கடந்துவிட்டனர். அவ்வாறு சென்ற ஒருவர் மூன்று வாரம் தங்குவதற்கு ஊர் வந்தார். கண்ணினுள் அமுக்கம் மிகும் நோயால் அவர் பார்வை குறைந்து வந்தது. இழந்த ஒளி மீளாது என்று வைத்தியர் கூறியிருந்தனர். அவர் நாட்களில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு பகலும் ஓர் இரவுமே.

திட்டமிடக் கூடியபோது கருத்துப் பலவாயிற்று. அநுராதபுரம், மிகிந்தலை, வில்பத்து, புத்தளம், கற்பிட்டி ஆகிய ஐந்தையும் பார்த்து வரலாம் என்றார் ஒருவர். அதற்கு நோயுற்ற நண்பர், "எனக்கு ஐந்து இடம் வேண்டாம், ஓரிடத்தில் ஐந்து நாழிகை இருக்கவிடுங்கள்" என்றார். அதன்மேல் வேறு பேச்சில்லை. அவருடைய கண்ணையே அளவாகக் கொண்டு மற்றவற்றை வகுத்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். அங்கிருந்து புத்தளம் வீதியில் மேற்கே சென்று, பின்னர் ஹுனுவில்கம வாயிலுக்குத் திரும்பவேண்டும். யானை நடமாடும் அப்பகுதியில் இருட்டியபின் வண்டி ஓட்டுதல் தகாது. ஆதலால் முற்பகல் பத்து மணிக்கே புறப்படுதல், முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிக் கச்சான் வாங்குதல், வவுனியாவில் மதிய உணவு, அநுராதபுரத்தில் பெற்றோல், பொழுது சாயுமுன் தங்குமிடம் என ஒழுங்கு செய்தோம். வனத்துள்ளே திணைக்களத்தின் விடுதிகள் உள. அவற்றுக்கு நெடுநாள் முன்னரே பதியவேண்டும். எங்களுக்கு அவகாசமின்மையால் வாயிலுக்கு வெளியே ஒரு சிறு விடுதியை அமர்த்தினோம்.

காலை ஆறு மணிக்கு வனவாயில் திறக்கும். அரைநாள் ஜீப் எடுப்போர் சிறுத்தையைத் தேடி வழிநெடுக விரைந்தோடுதலே வழக்கம். அடர்ந்த காட்டோரத்தில் ஒரு விலங்கு தோன்றுவதும் மறைவதும் கண்ணிமைப் பொழுதில் நிகழும். மங்கிய கண்ணுக்கு அது பயன்படாது. வில்லுவின் கரையோ மரமின்றி வெளியாயிருப்பது. அங்கு நீரருந்த வருவது நெடுநேரம் நிற்கும், தொலைவிலும் தெரியும். ஆகவே சிறுத்தை கிடையாதாயினும் குறையில்லை, ஒரு வில்லுவின் அருகில் இரண்டு மணிநேரம் நிறுத்துக என்று சாரதியிடம் முதல்நாள் மாலையே சொல்லிவைத்தோம். அவர் வியப்புற்றாரெனினும் இசைந்தார்.

அது ஆனி மாதம், பாலைப்பழம் பழுக்குங்காலம். நாம் சிறுவயதில் விரலிற் பால் ஒட்ட ஒட்ட உண்ட அதே பழத்தைத் தேடி அங்கே கரடி மரமேறும் என்று சாரதி கூறினார். நாங்கள் கரடியைக் காணவில்லை, சிறுத்தையையும் காணவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, எவரும் பேசாமல் வண்டியிலேயே இருந்தோம். முதலில் புள்ளிமான் கூட்டமொன்று வந்தது. சிறிது நேரத்தில் எதிர்க்கரையில் ஒற்றை யானையொன்று இறங்கி, நீரருந்தி, தன்மேல் மணலை வாரி இறைத்து, வந்தவழியே சென்றது. நண்பர் அதன் ஒவ்வோர் அசைவையும் மெல்லிய குரலில் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாணவரே, வண்டி, உணவு, பணம் ஆகியவற்றைக் கணக்கிடுதல் எளிது. உங்களோடு வருவோரில் மெல்ல நடப்பவர் யார், குறையக் காண்பவர் யார் என்று முதலிற் கேட்டு, அவருக்கேற்பக் காலத்தை வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதியோர் இருப்பாராயின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்கு மூடிக்கிடந்த வழியும் வனமும் உங்களுக்குத் திறந்துள்ளன. ஆதலால் பின்னர்ப் பார்ப்போம் என்று இராமல், வரும் விடுமுறையிலேயே சென்று வாருங்கள்.