தாத்தா நின்று வேலை பார்த்த வண்டி

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து இறங்கிய முதல் வாரம் வீடு கலகலவென்று இருக்கும். பெட்டியில் வந்த அதிரசமும் முறுக்கும் தீரும் வரை பேரப்பிள்ளைகள் தாத்தாவையும் அப்பாயியையும் விட்டு நகர மாட்டார்கள். பிறகு பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், நீச்சல் வகுப்பு என்று அவரவர் ஓட்டம் தொடங்கிவிடும். "சாப்பிட்டியா கண்ணு?", "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். பாசத்தில் குறையில்லை. பேசுவதற்குப் பொதுவாக ஒரு பொருள் இல்லை, அவ்வளவுதான். வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன்.

அதனால்தான் ஊர் சுற்றிக் காட்டுவதை நான் இப்போது வேறு கணக்கில் போடுகிறேன். எந்த இடம் புகழ்பெற்றது என்பது இரண்டாவது கேள்வி. அந்த இடத்தில் என் பெற்றோருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது வாஷிங்டனில் இருக்கும் தேசிய தபால் அருங்காட்சியகம்.

நாங்கள் இருப்பது வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில். மெட்ரோ ரயில் ஏறினால் நகரத்தின் நடுவில் போய் இறங்கிவிடலாம். அங்கே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. எதை வாங்கினாலும் டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், கொடுத்த காசு போச்சே என்று யாரும் கால் வலியோடு சுற்ற வேண்டியதில்லை.

தபால் அருங்காட்சியகம் யூனியன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1914இல் திறக்கப்பட்ட பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே போக ஆசைப்பட்டது ஓனி என்ற நாய்க்காக. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி தபால் நிலையத்தில் வளர்ந்து, தபால் பைகளோடு ரயிலேறி நாடு முழுக்கச் சுற்றிய நாய் அது. போன ஊரிலெல்லாம் அதன் கழுத்தில் ஒரு வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். பாடம் செய்த அதன் உடலை அந்த வில்லைகளோடு கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஓடும் ரயிலில் தபால் பிரித்த அந்தக் காலப் பெட்டியை உள்ளே ஏறிப் பார்க்கும்படி அமைத்திருந்தார்களே, அதற்குள் நிற்கிறார்.

என் அப்பா ஆர்.எம்.எஸ்.காரர், அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். திருச்சி 'டி' டிவிஷனில் சார்ட்டிங் வேலை. ராத்திரி முழுக்க ரயிலில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி, விடிகாலையில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கித் தூங்கி, மறுபடி ராத்திரி வண்டியேறித் திரும்புவார். என் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் 'தாத்தா போஸ்ட் ஆபீஸில் இருந்தார்' என்பது மட்டும்தான். எனக்கே அதற்கு மேல் அதிகம் தெரியாது.

சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் புறைகள். அப்பா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டார். "இங்க வா கண்ணு. எந்த ஊருக்கு நிறைய கடுதாசி போகுமோ அந்த ஊரைக் கண்ணுக்கு நேரா வச்சுக்கணும். சின்ன ஊரெல்லாம் ஓரத்துல. கை ரொம்ப தூரம் போகக் கூடாது பாரு." இடது கையில் இல்லாத கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வலது கை ஒரு கடிதத்தைப் புறையில் போடும்போதே கண் அடுத்த விலாசத்தைப் படித்துவிட வேண்டும் என்றார். வண்டி ஆடினால் விழாமலிருக்கக் காலை எப்படி அகட்டி நிற்பது என்று நின்று காட்டினார். அரக்கை உருக்கிப் பையின் முடிச்சில் முத்திரை வைப்பதையும், அரக்குச் சூட்டில் விரல் நுனி காய்த்துப் போவதையும் சொன்னார். மகள் அவர் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தப்பான புறையில போட்டுட்டா என்ன ஆகும் தாத்தா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"அது வேற ஊருக்குப் போய்த் திரும்பி வர நாலு நாள் ஆகும்மா. உள்ள ஒருத்தருக்கு வேலைக்கான உத்தரவு இருக்கலாம், யாராவது தவறிப்போன சேதி இருக்கலாம். அதான் தூக்கம் வந்தா முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து நிப்போம்."

1972 ஆகஸ்ட் 15இல்தான் இந்தியாவில் பின்கோடு வந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு முன்னால். ஒரே பெயரில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், ஒவ்வொன்றும் எந்தத் தாலுகா, எந்த வண்டியில் போக வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963இலேயே வந்துவிட்டது. எங்கள் ஜிப் கோடை ஏன் 2இல் தொடங்குகிறார்கள், கும்பகோணத்துப் பின்கோடை ஏன் 6இல் தொடங்குகிறார்கள் என்று தாத்தாவும் பேத்தியும் பெட்டியை விட்டு இறங்கிய பிறகும் பேசிக்கொண்டே வந்தார்கள். நிற்காமல் ஓடும் ரயிலிலிருந்து இரும்புக் கை ஒன்று கம்பத்தில் தொங்கும் தபால் பையை வாரிக்கொள்ளும் முறையைப் பற்றிப் படித்ததும் என் மகன் நாயை மறந்தான். ரயிலில் தபால் பிரிக்கும் வேலை இங்கே 1977 ஜூன் 30இல், நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் ஓடிய வண்டியோடு முடிந்தது. "நம்ம ஊர்லயும் அப்புறம் ஸ்டேஷன் ஆபீஸ்லயே உக்காந்து செய்ங்கன்னுட்டாங்க" என்றார் அப்பா.

அதே வாஷிங்டனில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹோப் வைரம் இருக்கிறது. கோல்கொண்டா வட்டாரத்துச் சுரங்கத்தில் எடுத்த கல். நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் 1958இல் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது நியூயார்க்கிலிருந்து சாதாரணமாகப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். தபால் செலவு 2 டாலர் 44 சென்ட். காப்பீட்டையும் சேர்த்தால் 145 டாலர் 29 சென்ட். மறுவாரம் வைரத்தைப் பார்க்கப் போனபோது அப்பாவுக்குக் கல்லைவிட இந்தக் கணக்குதான் பெரிதாகப் பட்டது. பதிவுத் தபால் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பேரனுக்கு விளக்கினார். அவன் அன்று முழுக்க எதைக் கொடுத்தாலும் எங்களிடம் கையெழுத்து வாங்கினான்.

அம்மாவுக்கு ஆசியக் கலைக்கான அருங்காட்சியகம். அங்கே சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்று உண்டு. பார்வதியின் கோலத்தில் செம்பியன் மாதேவியார் என்று கருதப்படுவது. நீண்டு வளைந்த கை, ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, இமைக்காத கண். 1929லிருந்து அந்த அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அம்மா பிறந்த கிராமம் கோனேரிராஜபுரத்துக்குப் பக்கத்தில். அங்கே கணவர் கண்டராதித்தரின் நினைவாகக் கற்றளி எடுத்தவர் இந்த அம்மையார்தான். பேர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "இவங்க கட்டின கோயில்லதான்டா எனக்குக் காது குத்துனாங்க" என்றார் பேரனிடம். அந்தக் கோயிலின் ஆளுயரத்துக்கும் மேலான நடராஜரைச் சொன்னார். வடிக்க முடியாமல் சிற்பி தவித்தபோது கிழவராக வந்து தண்ணீர் கேட்ட சிவன், கொதிக்கும் உலோகக் குழம்பைக் குடித்துவிட்டுச் சிலையாக நின்ற ஊர்க் கதையையும் சொன்னார். மேனியில் மச்சமும் ரோமமும் இருக்கும், வந்தால் காட்டுகிறேன் என்றார். ஊருக்குப் போனால் கொசு என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், எப்போது போகிறோம் என்று என்னிடம் கேட்டான்.

பேச்சு இப்படி நடக்க வேண்டுமென்றால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். இதை நான் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்வேன். நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி நேரம். வந்த புதிதில் பெரியவர்கள் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துவிட்டு மத்தியானம் தள்ளாடுவார்கள். அந்த வாரம் எங்கும் கூட்டிப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஓர் இடம், மறுநாள் வீடு. கேபிட்டலிலிருந்து லிங்கன் நினைவிடம் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிவதை நம்பி நடக்க வைக்கக் கூடாது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகிறார்கள். பெரியவர்களைக் கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஒன்றை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனால், அரை மணி நேரத்தில் அம்மா உட்கார்ந்துவிடுவார். தள்ளுவதற்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கு நேரம் தவறக் கூடாது என்பதால் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய், வெளியே எல்ம் மர நிழலில் பெஞ்சு பார்த்துச் சாப்பிட்டுவிடுவோம். உள்ளே போனதும் கழிவறை எங்கே என்று பார்த்துச் சொல்லிவிடுவது என் மனைவியின் வேலை. அது தெரியாவிட்டால் அம்மா தண்ணீரே குடிக்க மாட்டார்.

நயாகராவுக்கும் போனோம், காரில் எட்டு மணி நேரம். ஊரில் அத்தனை பேரும் "நயாகரா பாத்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் சந்தோஷத்தைப் பெற்றோரிடமிருந்து பறிக்கக் கூடாது. அருவி அருவிதான், சாரலில் நனைந்து நின்றோம். ஆனால் அதைப் பற்றி வீட்டில் ஒரு நாள் பேசினோம். ஆர்.எம்.எஸ். பேச்சு அவர்கள் விமானம் ஏறும் வரை ஓடியது, இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பிலும் ஓடுகிறது.

அடுத்த வருஷம் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமா புதுக்கோட்டைப் பக்கம் ஏர் பிடித்த விவசாயி. அவர்களைப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்குக் கூட்டிப் போகப் போகிறேன். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே ஆமிஷ் மக்கள் இன்றைக்கும் குதிரையும் கோவேறு கழுதையும் பூட்டித்தான் உழுகிறார்கள். படம் எடுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் துணித்துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைக்கும் போர்வைகள் அங்கே பிரபலம். அத்தைக்குத் தையல் தெரியும். மகள் அதற்குள் மாமாவிடம் கேட்கப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். முதல் கேள்வி, மாடு சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது.